யாரும் உபயோகிக்காத சாஃப்ட்வேர்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே மைதிலிக்கு எரிச்சல்தான். வாரமெல்லாம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறாள். ஞாயிறு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு வேலை. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து ஓசியில் தரும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தில், கவனிக்க நாதியில்லாமல் கிடக்கும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்களைக் கழித்துக்கட்டும் குழுவில் அவளும் ஒருத்தி. யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டது.

இந்த முறை கழிக்க வந்தது, டி-ஷர்ட் காலர் பின்னும் மெஷினுக்கு டிசைன் போட்டுத் தரும் சாஃப்ட்வேர். எழுதிய மனுஷன் எங்கே இருக்கிறானோ, வருஷக்கணக்கில் பதில் இல்லை. அதில் ஓட்டை வேறு. மெயிலில் வரும் டிசைன் ஃபைலோடு வைரஸும் உள்ளே புகுந்துவிடலாம். 'இதை யாராவது உபயோகிக்கிறீர்களா?' என்று குழுவினர் பொதுவில் கேட்டார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்படியானால் எடுத்துவிடலாம் என்றார்கள்.

மைதிலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தெருவிலேயே காலர் யூனிட் வைத்திருக்கும் மாரப்பன் அதைத்தான் நம்பியிருக்கிறார். அடுத்த தெரு ராசப்பனும் அதைத்தான். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் இருவரும் தனித்தனியே அவளைக் கூப்பிடுவார்கள், யாரிடமும் சொல்லாதே என்று வாக்கும் வாங்கிக்கொள்வார்கள். ஊருக்கே ஓசியில் கிடைக்கும் சாமான் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு!

ஓட்டையை அடைக்க அவளுக்குத் தெரியும். ஆனால் அடைத்ததை மெஷினில் ஓட்டிப் பார்த்து, சரியாக ஓடுகிறது என்று மெஷின்காரர் ஒருவர் பெயர் போட்டுப் பொதுவில் எழுத வேண்டும். அவளிடம் மெஷின் ஏது? மாரப்பனிடம் போய் நின்றாள்.

"ஒரே ஒரு வரி எழுதுங்க மாமா. இல்லீன்னா எடுத்துருவாங்க."

"ஊரே பாக்குற எடத்துலயா கண்ணு? நாளைக்கு அந்த ராசப்பன் பாத்தா எம் பொழப்பு என்னாகறது?"

ராசப்பனோ, "மாரப்பன் காதுக்குப் போச்சுன்னா தொலைஞ்சேன் சாமி" என்று கும்பிடு போட்டார். இவர்களை என்ன செய்வது? மாறி மாறி இருவர் வாசலுக்கும் நடந்து அலுத்துப்போய், கடைசியில் 'எடுத்துவிடலாம்' என்று அவளே எழுதினாள். எழுதிவிட்டு அழுதாள். கோபத்தில் வந்த அழுகை.

சிஸ்டத்தின் புதுப் பதிப்பு வந்தது. இரண்டு யூனிட்டிலும் ஏற்றினார்கள். அத்தோடு சாஃப்ட்வேர் காணோம், மெஷின்கள் நின்றன. அடுத்த ஞாயிறு காலை மைதிலி வீட்டு வாசலில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"சும்மா இப்படி வந்தேனுங்க" என்றார் ராசப்பன்.

"நானுந்தானுங்க" என்றார் மாரப்பன்.

"ரெண்டு பேரும் வந்தது அந்தக் காலர் சாஃப்ட்வேருக்குத்தான்" என்று மைதிலி வெடித்தாள். வாக்காவது ஒன்றாவது! "ரெண்டு பேருகிட்டயும் அதேதான் இருந்துச்சு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஓட்டிப் பாத்து எழுதுங்க, திரும்பச் சேத்துக்குவாங்க. ஓட்டைய அடைக்கற வேலை என்னுது."

இருவர் முகமும் செத்துப்போயிற்று.

"அவரு மொதல்ல எழுதட்டுங்க" என்றார் மாரப்பன்.

"அவருதான் பெரியவரு, அவரு எழுதுனா நானும் எழுதறனுங்க" என்று சொல்லிவிட்டு ராசப்பன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தெரு முனையில் அவர் தலை மறைந்ததும் மாரப்பன் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, பழசை ஒரு பென்டிரைவ்ல போட்டு எனக்கு மட்டும் குடுத்துரு. ஓட்டை கெடந்துட்டுப் போகுது."

மைதிலி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. ராசப்பன். அவள் மாரப்பனைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாமி, அந்தாளு போயிட்டாரா? பழசை எனக்கு மட்டும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடு சாமி."