இரண்டாவது மஞ்சள் முனை

அத்தான் எதையும் நேராகத் தொட மாட்டார். பக்கத்தில் இரும்பு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்ணால் தேடுவார். கிடைத்ததும் வலது உள்ளங்கையை அதன்மேல் முழுசாக வைப்பார். விரல் நுனி பட்டால் போதாது, கை மொத்தமும் ஒட்ட வேண்டும். ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நிற்பார். பிறகுதான் தொட வந்ததைத் தொடுவார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் இதற்கென்றே ஒரு இரும்புத் தூண் உண்டு. அது முழுக்கத் துரு, அவர் கை படும் உயரத்தில் மட்டும் பளபளப்பு. வீட்டில் ஜன்னல் கம்பியோ கட்டில் காலோ எது அகப்பட்டாலும் சரி. மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையை நீட்டியபோது, குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மயக்கம் வருகிறது போல என்று நர்ஸ் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தாளாம். அக்கா இன்றைக்கும் விட மாட்டாள்: "பெத்தவ நான் கிடக்கேன், நாற்காலி இவருக்கு!"

அத்தானுக்குப் பழைய கார்களை உடைக்கும் யார்டில் வேலை. மற்றவர்கள் எஞ்சினையும் கதவையும் கழற்றுவார்கள். ஏர்பேக்குகளைக் கழற்றுவது அவர் மட்டும்தான். கார் மோதினால் முகத்துக்கு முன்னால் பொசுக்கென்று ஊதி நிற்குமே, அந்தப் பை. அதன் பின்னால் கைக்கு அடங்குகிற உலோகக் குப்பி ஒன்று இருக்கும், அதற்குள் வெடிமருந்து. உடம்பில் ஒட்டியிருக்கிற துளி மின்சாரம்கூட அதைக் கிளப்பிவிடலாம். இரும்பைத் தொட்டு அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது கையோடு வீடுவரை வந்துவிட்டது.

அப்பா அவருக்குப் 'பலூன்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். நேரில் "வாங்க மாப்பிள்ளை" என்பார். முதுகு திரும்பியதும் "பலூன்காரர் குப்பைக் கடைக்குக் கிளம்பியாச்சா?" என்பார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. அரசாங்கச் சம்பளம் வாங்கியவர் மகளை ஒரு யார்டுக்காரருக்குக் கொடுத்தோமே என்ற குறை அவர் பேச்சின் ஓரத்தில் எப்போதும் இருக்கும். அத்தானுக்கு அது கேட்கும். கேட்காத மாதிரி இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்பார்.

எனக்கு அதே யார்டின் அலுவலக அறையில் வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். வெளியே போகும் லோடுகளுக்குச் சரக்குச் சீட்டு அடிப்பது என் வேலை. மேசை இழுப்பறையில் நான் வைத்திருந்த கவிதைப் புத்தகத்தை ஒரு நாள் எடுத்துப் புரட்டிவிட்டு, "ஏன் மச்சான், ஒவ்வொரு வரியும் பாதியிலயே நின்னுருது? பேப்பர் நிறைய இருக்கே?" என்றார். நான் சிரித்தேன். "என் சீட்டுலயும் ஒரு வரிதான். ஆனா படிக்கிறவனுக்குப் புரிஞ்சே ஆகணும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மை. வெடிக்காத ஏர்பேக் என்றால் தனித்தனியாகக் கட்டி, பெட்டியின்மேல் அபாய முத்திரை ஒட்ட வேண்டும். சீட்டில் பொருளின் பெயர், அபாய வகை, அதன் பக்கத்திலேயே 'மறுசுழற்சிக்கு' என்ற சொல், கீழே பார்த்து உறுதி செய்தவரின் கையெழுத்து. வெடித்து முடிந்தது என்றால் ஒன்றும் வேண்டாம், 'உலோகக் கழிவு' என்று போட்டால் முடிந்தது. மறுசுழற்சி ஆலையில் சீட்டைப் பார்த்துத்தான் பெட்டி எங்கே போகும் என்று முடிவாகும். முதல் வகைப் பெட்டி கான்கிரீட் சுவருக்குப் பின்னால் போகும், அங்கே எந்திரம்தான் தொடும். இரண்டாம் வகை பிரிக்கும் மேசைக்குப் போகும். அங்கே தொடுவது மனிதக் கை.

எது வெடித்தது, எது வெடிக்கவில்லை என்பதில்தான் சூட்சுமம். சில ஏர்பேக்குகளில் குப்பிக்குள் மருந்து இரண்டு பாகமாக இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஒயர், ஒயர் நுனியில் மஞ்சள் பிளக். லேசான மோதல் என்றால் ஒன்று மட்டும் வெடிக்கும். பை வெளியே வந்து தொங்கும், இன்னொன்று உள்ளே உயிரோடு இருக்கும். புதிதாகச் சேரும் ஆட்களிடம் அத்தான் இதைத்தான் முதலில் சொல்வார்: "துணி தொங்குதுன்னு நம்பாதே. செத்த மாதிரி நடிக்கும். மஞ்சள் முனையை எண்ணு. ரெண்டு இருந்தா வெடிக்கவைக்கிற குழிக்குக் கொண்டுபோ, ரெண்டுக்கும் கரண்ட் குடு. அப்புறம்தான் அது கழிவு."

அப்பா ஒரு நாள் யார்டுக்கு வந்தார். பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ கையெழுத்து வேண்டுமென்று அக்கா அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் முறை. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். நல்ல நாற்காலியாகத் தேடித் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். "மாமா, ஒண்ணு காட்டுறேன், பயந்துராதீங்க" என்று குழிப் பக்கம் கூட்டிப்போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெடிக்காத ஒன்றைக் குழியில் வைத்து, நீள ஒயரை இழுத்து வந்து, பேட்டரியில் தொட்டார். டமார்! அப்பா ஒரு குதி குதித்தார். ஒரு செருப்பு எங்கோ போய் விழுந்தது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, அவர் வாய்விட்டுச் சிரித்ததை யார்டு முழுக்கப் பார்த்தது.

"யப்பா! இதோடயா நீங்க தினமும் குடித்தனம் பண்றீங்க?"

"இதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. கோபக்காரன் மாதிரி. எப்படிப் பேசணும்னு தெரிஞ்சிருந்தா அடங்கிரும்."

அந்தப் பூரிப்பில் நடந்ததுதான் அது. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த இன்னொன்று, பை தொங்கியபடி கிடந்தது. அப்பா அதைக் காட்டி, "இது?" என்றார். அத்தான் அதைத் தூக்கி, தொங்கிய துணியைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக் காட்டினார். "இது செத்த பாம்பு மாமா" என்றார். கழிவுப் பெட்டியில் எறிந்தார். யார்டே சிரித்தது. இரும்புத் தூண் அவருக்கு ஒரு எட்டில் இருந்தது. அன்று அதை அவர் தொடவில்லை.

மாலையில் பெட்டியைப் பூட்டினார்கள். நான் 'உலோகக் கழிவு, வெடித்து முடிந்தவை' என்று அடித்துக் கொடுத்தேன். அத்தான் அப்பா பார்க்கும்படி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஆலையிலிருந்து போன் வந்தது. பிரிக்கும் மேசையில் ஒன்று வெடித்துவிட்டது. வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்குக் கையில் எலும்பு முறிவு, தீக்காயம்.

முதலாளி ஒரு நொடிகூட அத்தானைச் சந்தேகப்படவில்லை. "நம்ம ஆள் கையெழுத்துப் போட்டா கல்லுல வெட்டின மாதிரி. வழியில பெட்டியைத் திறந்து இறக்கி ஏத்துறப்போ வெடிக்காததை இதுல கலந்திருப்பான் டிரைவர். அவன் முன்னாடியும் லோடை மாத்தினவன்தானே" என்றார். டிரைவர் முன்பு ஒரு முறை இரண்டு ஊர்களுக்குப் போக வேண்டிய டயர்களை மாற்றி இறக்கியது வாஸ்தவம். அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். டிரைவர் அத்தானோடு தினமும் ஒரே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறவர். யார்டிலிருந்து கிளம்பும்போதுகூட, "அண்ணே, அந்தப் பொண்ணு கை எப்படி இருக்குன்னு தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். அத்தான் தலையை ஆட்டினார்.

வீட்டில் அப்பா இப்போது பலூன்காரர் என்று சொல்வதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எங்க மாப்பிள்ளை செய்யிறது சாதாரண வேலை இல்லீங்க, உயிரைப் பணயம் வெக்கிற வேலை" என்று ஆரம்பித்து, செருப்பு பறந்த கதையில் முடிப்பார். சாப்பிடும்போது தன் தட்டில் இருந்ததை எடுத்து அத்தான் தட்டில் வைப்பார். மகள் மடியில் ஏற வந்தால் அத்தான், நாற்காலியின் இரும்புக் காலில் கையை வைத்தவர் எடுக்கவே மாட்டார். "அப்பா, போதும், தூக்கு!" என்று அது சிணுங்கும்.

ஒரு மதியம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், அன்னிக்கு ஜன்னல்லதானே நின்ன. நான் தோள்ல போட்டேனே... அதுல எத்தனை மஞ்சள் முனை?"

"தெரியல அத்தான். அப்பா செருப்பைத் தேடினதைத்தான் பார்த்தேன்."

"எனக்குத் தெரியும். ரெண்டு. தூக்கும்போதே தெரியும். கண்ணு பார்த்துச்சு மச்சான், ஆனா மாமா சிரிச்சிட்டிருந்தாரு."

நான் பாதியில் விட்ட சீட்டை அடித்து முடித்தேன்.

கணக்கு முடிக்க டிரைவர் வந்த அன்று, அத்தான் முதலாளி அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் முதலாளி குரலைத் தாழ்த்தினார்: "உங்களுக்கென்ன பைத்தியமா? டிரைவர்னா ஒரு ஆளோட தப்பு. நீங்கன்னா யார்டோட தப்பு. வாயை மூடிட்டுப் போய் வேலையைப் பாருங்க."

அத்தான் வெளியே வந்தார். டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தான் கதவின் இரும்புக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, அது நான் போட்டது. ரெண்டாவது முனை உசிரோட இருந்துச்சு. பார்த்தும் போட்டேன். நீ ஒண்ணும் மாத்தல" என்றார்.

டிரைவர் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ணே. நானே நம்பிட்டேன். டீ குடிக்க நிறுத்தினப்ப பெட்டியைத் திறந்தேனோ, என்னமோ பண்ணினேனோன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு, திறந்த மாதிரியே எனக்கு ஞாபகம் வந்துருச்சு. என் பொண்டாட்டிகிட்ட ஆமா, நான்தான்னு ஒத்துக்கிட்டேன்."

அத்தான் அதற்குமேல் அங்கே நிற்காமல் போய்விட்டார். அடி வாங்கியிருந்தால்கூட நின்றிருப்பார்.

வாசலில் நாலு பேர் கேட்டுவிட்டதால் முதலாளியால் மூடி மறைக்க முடியவில்லை. ஆலைக்குத் திருத்தக் கடிதம் போனது, நான்தான் அடித்தேன். டிரைவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் டிபன் பாக்ஸை அவர் வேறு இடத்தில் போய்த் திறந்தார். அத்தானிடமிருந்து கையெழுத்துப் போடும் உரிமையைப் பிடுங்கி, அவரை டயர் பிரிவில் போட்டார்கள். அங்கே எதையும் தொட்டு மின்சாரம் இறக்க வேண்டியதில்லை. ஆனாலும் டயரைத் தூக்கும் முன் அவர் கை இரும்பைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. விடுமுறை நாளில் ஆலைப் பக்கம் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறார். என்ன பேசினார்கள் என்று சொல்வதில்லை.

வீட்டில் அப்பாவிடம் அவரே சொன்னார். வெளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, படி ஏறாமல், தலை குனிந்து. பூரிப்பில் பார்த்தும் போட்டேன் மாமா என்றும் சொன்னார். அப்பா எதிரே நின்று கேட்டார். ஒரு முறைகூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி, உள்ள வாங்க. சோறு ஆறுது" என்று திரும்பி நடந்தார். செருப்புக் கதையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவுதான், பழைய குப்பைக் கடைப் பார்வை திரும்பிவிட்டது என்று அக்கா அழுதாள். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். நானும்தான்.

வெகு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். யார்டுக்குப் போய்வந்த அன்று ராத்திரியே அப்பா அவளிடம் சொன்னாராம்: "மாப்பிள்ளை தோள்ல போட்டாரே, அதுல ஒரு மஞ்சள் பிளக் கருகியிருந்துச்சு, பக்கத்துலயே இன்னொண்ணு புத்தம் புதுசா இருந்துச்சு. இது இன்னும் வெடிக்கலையேன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துருச்சு. நாம போன முதல் நாளே குறை சொன்ன மாதிரி ஆயிருமேன்னு விட்டுட்டேன்."