மழை நாளில் வெயில் விடுமுறை

எனக்கு ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரட்டைப் பெண்பிள்ளைகள். பதினொரு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். அந்தப் பதினொரு நிமிடத்தை வைத்து மூத்தவள், இளையவள் என்று பிரித்தோம். பிறகு குணத்தை வைத்தும் பிரித்துவிட்டோம். மூத்தவள் குழப்படிக்காரி, இளையவள் தங்கம். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் மூத்தவள் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிச் சாமான்களை மேல் தட்டுக்கு ஏற்றுவார்கள். இளையவளின் கன்னத்தைத் தடவி, "இவளைப் பாத்துப் பழகு பிள்ளை" என்று மூத்தவளுக்குச் சொல்வார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர்களுக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, ஆனி மாதத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூத்தவளைப் பற்றியது. நகரத்தின் மறுபக்கத்தில், நடத்தை சரியில்லாத பிள்ளைகளுக்கென்று எட்டுப் பேர் மட்டும் படிக்கும் ஒரு விசேட வகுப்பு இருக்கிறது. அவளை அரை வருடத்துக்கு அங்கே அனுப்ப யோசிக்கிறார்கள். அதை முடிவு செய்ய ஒரு கூட்டம் கூடும். பெற்றோர் வரவேண்டும். பிள்ளை விரும்பினால் அதே பள்ளிக்கூடத்தில் தனக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரலாம். கடிதத்தோடு துணைக்கு வருபவரின் பெயரை எழுத ஒரு படிவமும், பெற்றோருக்கு ஒரு சம்மதப் படிவமும் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி போட்டிருந்தது.

காரணமும் எழுதியிருந்தது. இங்கே கோடையில் வெயில் மிகக் கடுமையாக இருந்தால் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். வெயில் விடுமுறை. ஒரு புதன்கிழமை இடைவேளையில், காரியாலயத்தில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து யாரோ உள்ளே போய், ஒலிபெருக்கியில் பிரதி அதிபரின் குரலில் வெயில் விடுமுறை அறிவித்துவிட்டார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஆனாலும் பாதிப் பள்ளிக்கூடம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு ஆசிரியர்கள் சைக்கிளையும் எடுத்துவிட்டார்களாம். காரியாலயத்திலிருந்து ஓடிய பிள்ளையின் முதுகை மட்டும் ஒருவர் கண்டிருக்கிறார். சிவப்பு மழை அங்கி. அது மூத்தவளின் அங்கி. கேட்டபோது அவளும் "ஓம், நான்தான்" என்று சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் நான் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. எனக்குப் பக்கத்தில் நின்று சூப் ஊற்றுகிறவள் ஒரு துருக்கிப் பெண். அவளுடைய பிள்ளைக்கும் முன்பு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தது. நான் அழாத குறையாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"கையெழுத்துப் போட்டுவிட்டாயா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"போடாதே. முதலில் பிள்ளையின் கோவையை, அந்த ஃபைலை, காட்டச் சொல்லு. உன் பிள்ளையைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க உனக்கு உரிமை இருக்கு. நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலையால் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரு மேசையில் இருத்தி, கோவையை முன்னால் வைத்தார்கள். பதினான்கு குறிப்புகள். வகுப்பில் ஆட்டைப் போல் கத்தினாள். உலக வரைபடத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். கரும்பலகை துடைக்கும் பஞ்சை ஜன்னலால் எறிந்தாள். வாசிக்க வாசிக்க எனக்குக் காது சூடாகியது. கடைசித் தாள், ஒலிபெருக்கி விஷயத்துக்காக அவள் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன மன்னிப்புக் கடிதம். மிக அழகான கடிதம். சின்னப் பிள்ளைகளை ஆபத்தில் விட்டதை நினைத்தால் நித்திரை வரவில்லை என்று எழுதியிருந்தது.

இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் எழுத்தைக் கவனித்தேன். எழுத்துகளுக்கு மேலே வரும் புள்ளிகள் எல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள். தமிழ் எழுதினாலும் ஜெர்மன் எழுதினாலும் என் வீட்டில் புள்ளியை வட்டமாகப் போடுகிறவள் ஒருத்திதான். அவள் மூத்தவள் இல்லை.

அன்று பின்னேரம் இரண்டு பேரையும் குசினியில், சாப்பாட்டு மேசையில் இருத்தினேன். கணவரும் வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் வாங்கிவந்த கடிதத்தின் நகலை நடுவில் வைத்தேன்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான்," என்றாள் மூத்தவள்.

"நீ எப்ப இருந்து வட்டம் போடுறனீ?"

இளையவள் அந்த நகலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எல்லாம் அவளிடமிருந்து ஒரே மூச்சில் வந்தது. இளையவளுக்கு உடற்பயிற்சிப் பாடத்தில் மரக்குதிரை தாண்டப் பயம். மூத்தவளுக்கு அது விளையாட்டு. இருவரும் வேறு வேறு வகுப்பு. ஆகவே புதன்கிழமைகளில் கழிவறையில் அங்கியையும் தலைமுடி கட்டும் விதத்தையும் மாற்றிக்கொண்டு, மூத்தவள் இளையவளாகப் போய்க் குதிரை தாண்டினாள். இளையவள் மூத்தவளாகப் போய்ப் புவியியல் வகுப்பில் இருந்தாள். மாசி மாதத்திலிருந்து நடந்த வேலை.

"சரி, போய் இருந்தனீ. ஏன் குழப்படி செய்தனீ?"

"அம்மா, அக்காவின்ர கதிரையில இருந்தா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கினம். இவள் இப்ப ஏதோ செய்யப்போறாள் எண்டு பாத்துக்கொண்டே இருக்கினம். என்ர வகுப்பில ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "ஆடு மாதிரிக் கத்தினது நான். வரைபடமும் நான். மைக்கும் நான்தான்."

"மழைக்குள்ள வெயில் விடுமுறையோ?" என்றார் கணவர். அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மனிசன் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்குச் சிரிப்பே வருது?"

"நீர் கோவிக்காதையும். எனக்கு ஏலாமல் கிடக்கு."

நான் மூத்தவளிடம் திரும்பினேன். "நீ ஏன் உன்ர தலையில போட்டனீ?"

அவள் தோளைக் குலுக்கினாள். "எனக்கு ஏற்கனவே எக்கச்சக்கம் இருக்கு. இன்னும் ஒண்டு கூடினா என்ன? அவளுக்கு ஒண்டுமே இல்லை. அவளை அனுப்பினா அவள் செத்துப்போவாள். நான் எங்க விட்டாலும் இருந்திடுவன்."

இப்படிச் சொன்னவளுக்கு நான் எத்தனை தரம் "தங்கச்சியைப் பாத்துப் பழகு" என்று சொல்லியிருப்பேன். எழுந்து போய்த் தேநீர் போட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

அடுத்த மூன்று நாளும் குழம்பிப்போனேன். உண்மையைச் சொன்னால் மூத்தவள் தப்புவாள். ஆனால் அதற்கு நான் இளையவளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சூப் ஊற்றுகிறவளிடம் கேட்டேன், "இரண்டு பேரையும் அனுப்பிவிட்டால் என்ன செய்வது?"

"எட்டுப் பேர் வகுப்பில் உன் இரண்டு பிள்ளைகளுமா? அந்த ஆசிரியருக்காகத்தான் நான் பிரார்த்திப்பேன்," என்றாள்.

முடிவை இளையவளே எடுத்தாள். அக்காவின் துணைக்கு வருபவருக்கான படிவத்தை எடுத்து, நம்பிக்கையான ஆள் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். மூத்தவள் பறிக்கப் பார்த்தாள். இரண்டு பேரும் நிலத்தில் உருண்டு சண்டை பிடித்தார்கள். படிவம் கசங்கியபடியே பள்ளிக்கூடத்துக்குப் போனது.

கூட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அதிபர், பிரதி அதிபர், மூத்தவளின் வகுப்பாசிரியர், புவியியல் ஆசிரியர், இன்னொரு ஆசிரியை, பெற்றோர் சார்பில் ஒரு தகப்பன். கணவருக்குக் காலை வேலை, விடுப்புத் தரவில்லை. நான் ஜெர்மனில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் வரியைத் தொடங்க முன்னமே இளையவள் எழும்பிவிட்டாள்.

"குறிப்புகளில் ஐந்து என்னுடையவை," என்றாள். "ஒலிபெருக்கியும் நான்தான்."

பிரதி அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நல்ல உயரமான அம்மா. "சகோதரியைக் காப்பாற்ற நினைப்பது அழகான விஷயம். ஆனால் பொய் சொல்லக்கூடாது. உன்னை எங்களுக்குத் தெரியும்," என்றார்.

"தெரியாது," என்றாள் இளையவள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அதிபர் மூத்தவளைப் பார்த்து, அந்த அறிவிப்பை ஒருமுறை செய்து காட்டு என்றார். மூத்தவள் எழும்பித் தொண்டையைச் செருமினாள். செய்தாள். பாவம், புகையிரத நிலையத்தில் சாமான் விற்கிறவர் மாதிரி இருந்தது. அந்தக் குரலுக்கு ஒரு பூனைகூட வீட்டுக்குப் போயிருக்காது.

"இப்போது நீ," என்றார் இளையவளிடம்.

அவள் முதலில் ஒலிபெருக்கியில் ஊதுவது போல இரண்டு தரம் ஊதினாள். பிறகு ஒரு சின்ன இருமல். அதற்குப் பிறகு வந்தது அவளுடைய குரலே இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, வசனத்தின் கடைசியில் 'தயவுசெய்து' என்பதை மேலே தூக்கி வைத்து, வெயில் விடுமுறையை முழுவதுமாக அறிவித்தாள். பதின்மூன்று வருடமாக வீட்டில் மெல்லப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை.

முதலில் அந்தப் பெற்றோர் பிரதிநிதிதான் உடைந்தார். மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். புவியியல் ஆசிரியர் கோவையால் முகத்தை மறைத்தார்.

"நான் அப்படியா பேசுகிறேன்?" என்று பிரதி அதிபர் கேட்டார்.

அதிபர் தாள்களைப் பார்த்துக்கொண்டே, "ஆம்," என்றார்.

பிரதி அதிபருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதை அவர் நீள விடவில்லை. அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பிழையான ட்ராமில் ஏறிப் போய், ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் கிடைத்தது என்று சொன்னார். அந்தத் தாய் தொலைபேசியில் அழுததைச் சொன்னார். இளையவள் நின்ற இடத்திலேயே விம்மினாள். மூத்தவள் மேசைக்குக் கீழால் அவளுடைய கையைப் பிடித்ததைக் கண்டேன்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தேன். எழுதியது எல்லாம் ஒரு பிள்ளைக்காக எழுதியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என் பிள்ளைகள் பிழை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து மாதமாக ஒருத்தியின் இடத்தில் மற்றவள் இருந்திருக்கிறாள். உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நீங்களும் அங்கியைத்தான் பார்த்தீர்கள், நானும் அதைத்தான் பார்த்தேன். முன்னால் இருப்பது எந்தப் பிள்ளை என்றே தெரியாமல், அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கவேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?"

என் ஜெர்மனில் இலக்கணப் பிழை இருந்திருக்கும். ஒருவரும் திருத்தவில்லை.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் போட்டிருந்த மர வாங்கில் மூன்று பேரும் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். நான் கொண்டுபோன வாழைப்பழத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். எனக்குப் பங்கு வரவில்லை.

முடிவை அதிபர் வாசித்தார். விசேட வகுப்பு இல்லை, ஒருத்திக்கும் இல்லை. மூத்தவளின் கோவையிலிருந்து ஐந்து குறிப்புகளையும் ஒலிபெருக்கிக் குற்றத்தையும் எடுத்துவிடுவார்கள். இரண்டு பேருக்கும் எழுத்து மூலம் கண்டிப்பு. விடுமுறை தொடங்கும்வரை ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் இருவரும் ட்ராம் தரிப்பில் நின்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சரியான ட்ராமில் ஏறுகிறார்களா என்று கடைசிப் பிள்ளை வரைக்கும் பார்க்க வேண்டும். குதிரையை இளையவள்தான் தாண்ட வேண்டும்.

வாசல் வரைக்கும் பிரதி அதிபர் எங்களோடு வந்தார். கதவைத் திறந்துவிட்டு இளையவளிடம் குனிந்து, "அந்த இருமலை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்," என்றார்.

அந்த ட்ராம் வேலையை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று ஒருநாள் பஸ்ஸில் போகும்போது கண்டேன். மூத்தவள் சின்னப் பிள்ளைகளைக் கோழிக்குஞ்சுகளைப் போல ஓரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். இளையவள் வாங்கில் ஏறி நின்று ட்ராம் இலக்கங்களைக் கூவிக்கொண்டிருந்தாள். குதிரையிலிருந்து அவள் இரண்டு தரம் விழுந்தாள். மூன்றாம் தரமும் விழுந்தாள் என்றுதான் கேள்வி. ஆனால் மறுபக்கமாக விழுந்தாளாம். அதைத் தாண்டியதாகவே ஆசிரியை எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்த அன்று நாங்கள் ட்ராமில் வீட்டுக்கு வந்தோம். கணவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்திலதானே இருக்கினம்? அது காணும், வேறென்ன வேணும்," என்றார். பிள்ளைகள் எனக்கு முன்னால் இருக்கையில் உட்கார்ந்து கண்டிப்புக் கடிதங்களைப் பிரித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன்ரயில ரெண்டு வரி கூட இருக்கு," என்றாள் மூத்தவள். "இது நியாயம் இல்லை."

"நான் செய்ததுதானே பெரிசு."

"எனக்கு இன்னும் ஒன்பது குறிப்பு இருக்கு."

"ஒன்பதும் சின்னன்."

அவர்களின் சத்தம் கூடிக்கொண்டே போனது. ட்ராமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் மூத்தவளின் தோளில் ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். அன்று இரண்டு பேரில் யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்று ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். இளையவள்தான்.