பெயர் வெட்டாத டப்பா

போன வாரம் பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினோம். தூக்க வந்தவர் அடித்தட்டிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டி, உங்களுடையதா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பொய்தான்... ஆனால் கூசாமல் சொல்லக்கூடிய பொய்.

இரண்டு வருடங்களுக்கு முன், தேனியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஃப்ரிட்ஜ் இருந்தது எங்களிடம் மட்டும். அப்புறம் என்ன? ஆறு வீட்டு இட்லி மாவும் என் வீட்டில்தான். ஆனாலும் பாத்திரச் சண்டை வந்ததில்லை. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும்.

ஒரே ஒரு டப்பாவில் மட்டும் பெயர் இல்லை. கைக்குட்டையில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கடைசி வீட்டுச் செல்வியுடையது. (பெயரை மாற்றியிருக்கிறேன். இப்போது திருப்பூரில் இருக்கிறார். அவர் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.) கணவர் இல்லை, ஒரு பெண் குழந்தை, ஜவுளிக்கடையில் வேலை. தைலம் என்று சொல்லி வைத்தார்.

தைலத்தை யாராவது காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கடிகாரம் பார்த்து வந்து எடுப்பார்களா? கரண்ட் போனால் எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று விசாரிப்பார்களா?

எனக்குச் சந்தேகம் வந்தால் சோறு இறங்காது. செய்வினையோ? திருட்டு நகையோ? ஒரு மதியம் முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே ஒரு மருந்து பாட்டில். லேபிளை நகத்தால் சுரண்டியிருந்தார். மிச்சமிருந்த எழுத்துகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

மெடிக்கல்காரர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இது எச்.ஐ.வி.க்கு உள்ளதும்மா. மொத மருந்து கேக்காதவுகளுக்குக் குடுப்பாக. புரோட்டீஸ் இன்ஹிபிட்டர்ம்பாக. சூடு ஆகாது. இங்கன கிடைக்காது... யாருக்கு?”

சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன். அந்த மருந்தை யாராவது சும்மா கேட்பார்களா? சீட்டை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். அதில் இருந்தது என் கையெழுத்து.

மறுநாள் பக்கத்து வீட்டில் மாவை எடுத்துப் போனார்கள். அதற்கடுத்த நாள் எதிர்வீட்டுத் தயிர். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜில் மிஞ்சியது என் பாலும் அந்த டப்பாவும்தான். வீட்டுச் சொந்தக்காரர் என் கணவரை நிறுத்தி, மேடத்துக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். மெடிக்கலில் நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கில்லை, கடைசி வீட்டுக்கு என்று சொன்னால் போதும், என் மானம் திரும்பிவிடும். செல்விக்கு வீடு போகும், கடை வேலை போகும், குழந்தையோடு தெருவில் நிற்பார். இரண்டு முறை அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அன்று இரவு எட்டு மணிக்குச் செல்வி வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தவர் காலித் தட்டுகளைப் பார்த்தார்.

“முடிச்ச மாத்திக் கட்டியிருந்தீகக்கா. அன்னைக்கே தெரியும். காலி பண்ணச் சொல்லுவாகன்னு மூட்டை கட்டி வச்சிட்டேன். எல்லாரும் உங்களயில்ல பேசுறாக... ஏங்க்கா சொல்லல?”

முடிச்சை அவிழ்த்தவளே நான்தானே. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடவா என்று கேட்டார். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

மருந்து பாட்டிலை ஒரு டம்ளருக்குள் மாற்றி வைத்துவிட்டு, மறுநாள் காலியான டப்பாவோடு பாத்திரக்கடைக்குப் போனேன். யார் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாலும் சந்தேகம் கடைசி வீடுவரை போகக்கூடாது இல்லையா?

இப்போது ஃப்ரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத மாத்திரை வந்துவிட்டதாம். திருப்பூருக்குப் போகும்போது டப்பாவை என்னிடமே விட்டுப் போனார் செல்வி. வேறு யாரிடம் கொடுப்பார்?

அன்று பாத்திரக்கடைக்காரர் மெஷினைப் போட்டுவிட்டு, என்ன பெயர் வெட்டணும் என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு.