இரண்டு சரோஜா

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு நர்சிங் ஹோமில் நான் லேப் டெக்னீஷியன். அன்று காலை இரும்புலியூர் சரோஜாவைக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காகத் தியேட்டர் வாசலில் படுக்க வைத்திருந்தார்கள். புதிதாக எடுத்த அவர் ரத்தத்தோடு ஏற்ற வந்த பாட்டில் ரத்தம் சேருமா என்று கிராஸ் மேட்ச் பார்த்தேன். திப்பி திப்பியாகத் திரண்டது. இதை ஏற்றினால் ஆள் பிழைப்பது சந்தேகம்.

"பேஷண்ட் பி பாசிடிவ்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, ஸ்டெல்லா?" என்றார் டாக்டர்.

"பேஷண்ட் பி-தான் சார். பாட்டில்லதான் ஏதோ கோளாறு."

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பாருங்கள். எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ், கர்வமும் அதற்கேற்ற மாதிரி. பாட்டிலைக் குறை சொன்னேன், குரூப் பார்க்கிற சீரம் பழசு என்றேன், ஸ்லைடு கழுவிய ஆயாவைக்கூட விடவில்லை. பத்து நிமிஷம் இப்படியே போனது. புது சீரத்தில் பார்த்தால் இந்த சரோஜா ஏ என்று வந்தது.

அப்போதுதான் நினைக்கவே பிடிக்காததை நினைத்தேன். முந்தாநாள் நான் எழுதிக் கொடுத்ததே தப்பாக இருந்தால்? வார்டில் இரண்டு சரோஜா. இருவருக்கும் நானேதான் ரத்தம் எடுத்தேன். கூட்டமாக இருந்ததால் டியூபில் லேபிளைக் கட்டில் பக்கத்திலேயே ஒட்டாமல், மேஜைக்கு வந்து ஒட்டினேன். மாற்றித்தான் ஒட்டியிருக்கிறேன்.

இரும்புலியூர் சரோஜா ஏ என்றால், நான் ஏ என்று எழுதிய பெருங்களத்தூர் சரோஜா பி. அவர் ரத்தசோகை பேஷண்ட். அந்த மாறிய டியூபை வைத்தே நேற்று மேட்ச் பார்த்து, ஏ பாட்டிலை வார்டுக்கு அனுப்பியிருந்தேன்.

மாடிக்கு ஓடினேன். பாட்டில் ஸ்டாண்டில் தொங்கியது. ஊசி குத்தியாகிவிட்டது. ரத்தத்தை இறக்கிவிட, பாட்டில் குழாயின் கிளாம்பைத் திறக்க நர்ஸ் மேரி கை வைத்திருந்தாள்.

"திறக்காத மேரி."

"ஏன்க்கா? மேட்ச் ஆயிடுச்சுன்னு நீங்கதானே சீட்டு அனுப்பினீங்க?"

"சீட்டு தப்பு. டியூபை நான்தான் மாத்திட்டேன்."

கட்டிலில் இருந்த சரோஜா என்னையே பார்த்தார். "ஏத்தியிருந்தா எனுக்கு இன்னா ஆயிருக்கும்மா?"

ஸ்டாண்டிலிருந்து பாட்டிலை நானே கழற்றி எடுத்தேன்.

டாக்டர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். இருவருக்கும் முதலிலிருந்து எல்லா டெஸ்ட்டும் செய்தேன். இரண்டு பேரும் நல்லபடியாக வீடு போனார்கள்.

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிசல்ட் இடித்தால் முதலில் உங்கள் கையெழுத்தைச் சந்தேகப்படுங்கள். லேபிள் மாறியதற்குக் கூட்டம், அவசரம் என்று இன்றும் ஏதாவது சாக்கு சொல்லிக்கொள்வேன். பாட்டில்மேல் பழி போட்டுக்கொண்டு நின்ற பத்து நிமிஷத்துக்கு என்னிடம் சாக்கு இல்லை. மாடியில் அந்தப் பத்து நிமிஷமும் அந்த சரோஜாவின் கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார்களாம்.