ஏரிக்குப் போன காலிக் கேன்

போன மாதம் மதுரை விமானத்துக்குக் காத்திருந்தபோது ஒரு கூத்து நடந்தது. வாசல் திறக்க இன்னும் நேரம் இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான். என் பையை என் இடத்தில் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பையைச் சுற்றி இரண்டு சீருடைக்காரர்கள். வரிசை மொத்தமும் ஒதுங்கி நிற்கிறது. என் பை மட்டும் நடுவில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "கிஸ்கா பேக் ஹை?" என்றார் ஒருவர், யார் பை என்று. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்ததோ, "ஆத்மி ஹை, ஆத்மி ஹை." ஆள் இருக்கிறதாம். பம்பாயில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் நாக்கு இன்னும் தாராவிக் குழாயடியை விட்டு நகரவில்லை.

பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சால்வை, கால்வலித் தைலம், தம்பி மகளுக்கு வாங்கிய வேர்க்கடலைச் சிக்கி. அந்தப் பொட்டலத்தில்தான் அவருக்குச் சந்தேகம். பிரித்து மோந்து பார்த்தார். வெல்லமும் வறுத்த கடலையும் கலந்த வாசனை எனக்கும் வந்தது. அவ்வளவுதான், நான் விமான நிலையத்தில் இல்லை. கடைக்குக் கடை சிக்கி விற்கும் மாதேரான் மலை பஜாரில், செம்மண் அப்பிய சேலையோடு, கழுத்தில் விசில் தொங்க நின்றுகொண்டிருந்தேன்.

அந்த விசிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் நான் செம்பூரில் ஒரு டூரிஸ்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆபீஸ் என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், முதலாளி சேகரன் சார், நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா, செம்பூர் ஆபீஸ் குடும்பங்களை மாதேரான் மலை ஏரிக்குக் கூட்டிப்போய் அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து விடுவது எங்கள் தொழில். அதற்கான நோட்டீசை நான்தான் டைப் அடிப்பேன். எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே குரங்கு ஜாஸ்தி, எல்லாம் அதில் இருக்கும். 'மலைகளின் மடியில் உறங்கும் ஏரி' என்று ஒரு வரியை நானாகவே சேர்த்துவிட்டிருந்தேன். சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நான் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. கடலை விட்டால் நான் பார்த்த பெரிய தண்ணீர் மாஹிம் கழிமுகம்தான். அதன் மடியில் யாரும் உறங்க முடியாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடத்தான் முடியும்.

கைடாக இருந்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அவருடைய விசில் மேஜை டிராயரில் கிடந்தது. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். நாள் முழுக்க மற்றவர்கள் போகிற ஊரை டைப் அடித்துக்கொண்டிருப்பது எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் துணிந்து கேட்டேன், நானே கைடாகப் போகிறேன் சார் என்று.

"ஏரியைப் பாத்திருக்கியாம்மா?"

"டைப் அடிச்சிருக்கேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பொம்பளைப் பிள்ளை கைடுன்னா நம்ம பார்ட்டிங்க யோசிப்பாங்க. ஒரு தடவை நீயே ஆள் சேர்த்துக்கிட்டுப் போ. பத்மா மாமியும் கூட வரட்டும். ஏரி வரைக்கும் போயிட்டு வந்து அவங்க நல்லாயிருந்துச்சுன்னு சொல்லட்டும். விசில் உனக்கு. இல்லேன்னா டைப்ரைட்டரே கதி."

பத்மா மாமி மாட்டுங்காவில் இருப்பவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் மிகப் பழைய வாடிக்கையாளர். மாமி ஒருமுறை புளியோதரையில் காரம் போதவில்லை என்று சொன்னதற்கு ஒரு கட்டிடமே எங்களிடம் வருவதை நிறுத்தியது. அப்படிப்பட்ட நாக்கு.

ஆள் சேர்க்க நான் எங்கே போவேன்? எங்கள் சந்துக்குத்தான். தாராவியில் எங்கள் சந்தில் பாதி வீடு தோல் பை தைக்கும், மீதி வீடு இட்லி அவிக்கும். பெண்களுக்கு ஞாயிறு என்பது துணி அதிகமாக விழும் ஒரு நாள், அவ்வளவுதான். அடுத்த வீட்டுச் செல்லத்தாய் மதினியிடம் முதலில் சொன்னேன். மதினி சொன்னால் சந்து கேட்கும். "ஏரின்னா தண்ணி கெடக்குமாட்டி?" என்றாள். நிறையக் கிடக்கும் என்றேன். "அப்ப வாரேன்." எதிர்வீட்டு மைமூன் லாத்தா மேலப்பாளையத்துக்காரர், பைகளுக்கு உள்துணி தைப்பவர். அவர் வீட்டில் உத்தரவு வாங்குவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். லாத்தா மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே, "செல்லத்தாயி வந்தா நானும் வருவேன். எங்க வூட்ல நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். ஒரு வாரத்தில் சந்தின் பெண்கள் முக்கால்வாசிப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இங்கே எங்கள் குழாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே போக முடியாது. சந்துக்கு ஒரே குழாய். விடியுமுன் தண்ணீர் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அதனால் முந்தின சாயங்காலமே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். குடம் இல்லாதவர்கள் கேனை வைப்பார்கள், அதுவும் இல்லாதவர்கள் செங்கல்லை வைப்பார்கள். வைத்த பிறகு யாரும் காவல் நிற்பதில்லை. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. தெரியாத யாராவது நகர்த்தினால் எந்த வாசலிலிருந்தாவது ஒரு குரல் வரும், "ஆளு இருக்கு." வேற்று பாஷைக்காரர் என்றால் "ஆத்மி ஹை." அந்த வரிசையை ஆள்பவள் செல்லத்தாய் மதினி. அவளாக எடுத்துக்கொண்ட பதவிதான், ஆனால் யாரும் மறுக்கவில்லை.

ஞாயிறு விடிகாலை தாதர் ஸ்டேஷனில் எல்லோரும் கூடினோம். நான் கஞ்சி போட்ட சேலையில், இரவல் விசிலோடு. மாமி குடையும் கைப்பையுமாக வந்தார். செல்லத்தாய் மதினி கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன். கடலை எண்ணெய் வந்த கேன், காலி.

"இது என்னடிம்மா, கெரசினா?" என்றார் மாமி.

"சும்மா வெறும் கேனுதாம்மா. தண்ணி இருக்குற ஊருக்கு வெறுங்கையோடவா போறது?"

எனக்கு மானம் போயிற்று. மலை ஏரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் கேமரா கொண்டுபோவார்கள், என் பார்ட்டி எண்ணெய் கேன் கொண்டுவந்திருக்கிறது. மாமியின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

ஆனால் உண்மையான இடி நேரல் ஸ்டேஷனில்தான் விழுந்தது. நேரலில் பெரிய ரயிலை விட்டு இறங்கி, மலைமேல் போகும் சின்ன ரயிலில் ஏற வேண்டும். அதற்கு அங்கேதான் டிக்கெட். பழைய கைடுக்குக் கவுண்டரில் யாரோ தெரிந்த ஆள் இருந்திருக்கிறார். அந்த ஒரு விஷயம் மட்டும் நோட்டீசில் இல்லை. கவுண்டர் மூடியிருந்தது, முன்னால் ஒரு கூட்டம் இடித்துக்கொண்டு நின்றது. இடம் கொஞ்சம்தான், கிடைக்காதவர்கள் அடுத்த வண்டிக்கு நிற்க வேண்டும் என்றார் போர்ட்டர் ஒருவர். அடுத்த வண்டியில் போனால் ஏரிக்குப் போய்த் திரும்பப் பொழுது இருக்காது. நான் விசில் ஊதினேன். பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய் மட்டும் தலை தூக்கிப் பார்த்தது. டைப்ரைட்டர் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது எனக்கு.

"லைன் எங்கட்டி?" என்றாள் செல்லத்தாய் மதினி.

"லைனெல்லாம் கிடையாது மைனி. கவுண்டர் திறந்ததும் முட்டி மோதித்தான் வாங்கணும்."

"லைன் இல்லன்னா போடணும்லா?"

கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு போய், ஜன்னலுக்கு நேர் கீழே கேனை வைத்தாள். அதை ஒட்டி மைமூன் லாத்தா டிபன் கேரியரை வைத்தார். அப்புறம் ஒரு ஆரஞ்சுப் பை, ஒரு ஜமுக்காளச் சுருட்டு, ஒரு ஜோடி செருப்பு, பிள்ளையின் ஸ்வெட்டர். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தினமும் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. மாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசியில் போய்த் தன் குடையைப் படுக்க வைத்தார். எல்லாரும் மரத்தடி நிழலுக்குப் போய் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெயிலில் சாமான்கள் மட்டும் வரிசையாக நின்றன.

பிறகு நடந்ததை நான் இன்னும் கண் முன்னால் பார்க்கிறேன். ஒரு குஜராத்திக் குடும்பஸ்தர் அந்த வரிசையை மேலும் கீழும் பார்த்தார். இடிபாட்டிலிருந்து வெளியே வந்து, மாமியின் குடைக்குப் பின்னால் தன் சூட்கேசை வைத்தார். அதன் பின்னால் ஒரு பிளாஸ்க் வந்தது. அதற்குப் பின்னால் ஆட்களே வந்து நின்றார்கள். இல்லாத வரிசை ஒன்று ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வளர்ந்துவிட்டது. காலேஜ் பையன்கள் சிலர் நேராக முன்னால் வந்து, ஒருவன் கேனைக் காலால் நகர்த்தினான். மைமூன் லாத்தா சந்தில் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு மரத்தடியிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்:

"பாவு, ஓ டப்பா நஹி. ஆத்மி ஹை."

அது டப்பா இல்லை, ஆள் என்றதும் பையன்கள் சிரித்தார்கள். ஆனால் சூட்கேஸ்காரர் திரும்பி முறைத்தார், அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் முறைத்தார்கள். பையன்கள் கேனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாலுக்குப் போனார்கள். ஜன்னல் திறந்தது. கிளார்க் குனிந்து பார்த்தார், முதல் ஆளாக ஒரு எண்ணெய் கேன் நிற்கிறது. "கித்னே?" என்று அதையே கேட்டார், எத்தனை டிக்கெட் என்று. மதினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுந்து போனாள். எங்கள் எல்லாருக்கும் டிக்கெட் கிடைத்தது, மாமிக்கு ஜன்னலோரம்.

சின்ன ரயில் வளைந்து வளைந்து ஏறியது. வளைவுகளில் நம் வண்டியின் வாலே நமக்குத் தெரியும். ஒரு குரங்கு வந்து லாத்தாவின் கேரியரைத் தொட, பெட்டி முழுக்க ஒரே குரலில் "ஆளு இருக்கு" என்றது. மேலே இறங்கியதும் நான் கைடானேன். இதோ பஜார், இங்கே மோட்டார் வண்டி கிடையாது, குதிரை மட்டும்தான், இந்தச் செம்மண் பாதையில் இடது பக்கம். டைப் அடித்த வரிசையிலேயே ஊர் எதிரே வந்தது. அந்தச் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று டைப்பிஸ்டுகளுக்குத்தான் தெரியும். மரங்கள் விலகின. ஏரி.

என்னுடைய 'உறங்கும் ஏரி' வரியை நான் சொல்லவில்லை. செல்லத்தாய் மதினி கேனோடு கரையில் ரொம்ப நேரம் நின்றாள்.

"இம்புட்டுத் தண்ணியும் யாரும் காவக் காக்காம சும்மால்லா கெடக்கு" என்றாள்.

ஊருக்கே குடிதண்ணீர் இதுதான் என்று நான் சொன்னதும் லாத்தா செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். எங்கள் பெண்கள் ஒருத்திகூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கேனில் மொண்டு, தூரப் போய் முகம் கழுவினார்கள். அதற்கும் ஒரு வரிசை நின்றது. "ஏரி எங்கேயும் ஓடிப்போயிடாது, ஏண்டி க்யூ?" என்று மாமி கேட்டுவிட்டுத் தானும் அதில் நின்றார். என் முறை வந்தபோது மதினிதான் ஊற்றினாள். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியில் எனக்கு அழுகை வந்தது, முகம் கழுவிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது கேன் நிறைந்திருந்தது. கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தோம். பெரிய ரயிலில் அது மாமியின் மடியில் வந்தது. தாதரில் இறங்கி மாட்டுங்கா பக்கம் திரும்புமுன் மாமி சொன்னார்: "கொழந்தே, சேகரன்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா இவாள்லாம் வரலைன்னா அடுத்த தடவை நான் வரமாட்டேன்."

மறுநாள் விடியுமுன் நான் குழாயடிக்கு ஓடினேன். களைப்பில் முந்தின சாயங்காலம் குடம் வைக்க மறந்து தூங்கிப்போயிருந்தேன். அன்றைக்குத் தண்ணீர் இல்லை என்று நினைத்துத்தான் போனேன். வரிசையின் தலையில், மதினியின் குடத்துக்கும் முன்னால், நசுங்கின வயிற்றோடு என் குடம். யாரோ ஒரு பெண் இது யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆளு இருக்கு. நம்ம கைடு" என்றாள் செல்லத்தாய் மதினி. அன்றைக்குச் சந்து முழுக்க ஏரித் தண்ணீரில் டீ. சேகரன் சார் பத்து மணிக்கு விசிலைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னாலேயே எனக்குக் கிடைத்துவிட்டது.

நிறைய வருஷம் ஊதினேன் அதை. இப்போது சின்ன ரயிலுக்கு டிக்கெட் போனிலேயே எடுக்கிறார்கள் என்று கேள்வி. செம்பூர் ஆபீஸ் இருந்த மாடிப்படியடியில் செல்போன் ரிப்பேர் கடை. மாமி போய்ச் சேர்ந்துவிட்டார். சந்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள், வீட்டுக்கு வீடு குழாய். லாத்தா மேலப்பாளையத்துக்கே திரும்பிப் போய்விட்டார். மதினி ஏழாவது மாடியில் கடைசி வரைக்கும் இருந்தாள். "தெறந்தா தண்ணி வருது, ஒரு மொகத்தைக் காங்க முடியலயேட்டி" என்று நான் போகும்போதெல்லாம் சொல்வாள்.

சீருடைக்காரர் நல்லவர். சிக்கியைப் பழையபடி மடித்துக் கொடுத்து, இனிமேல் பையை விட்டுவிட்டுப் போகக் கூடாது மாஜி என்றார். அதற்குள் வரிசை நீண்டுவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியில் போய் நின்றேன். இப்போதெல்லாம் என் இடத்தில் நானேதான் நிற்க வேண்டியிருக்கிறது.