தூண்டிலோடு போன பைல்

மீன் பிடிக்க நான் பைல் கட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லி என் மனுசன் இன்றைக்கும் சிரிப்பார். சிரிக்கட்டும். வென்றது நான்தானே!

பாரிஸ் லா சப்பேலில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் எனக்குச் சமையல் வேலை. திங்கள் லீவு. போன வருட வசந்தத்தில் தூண்டிலும் வாங்கி, வருட மீன்பிடி அட்டையும் எடுத்து, சேன்-தெனி கால்வாய்க்குப் போகத் தொடங்கினேன்.

"உமக்கென்ன விசரே? கடையிலை அறக்குளா மீன் வெட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்றார் மனுசன்.

கறிக்காகவா போனேன்? பிடித்த மீனை அங்கே திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவோம். "அக்கா, ரெண்டு கொத்து ரொட்டி!" என்று ஒருத்தரும் கூப்பிடாத ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த இடத்தைத்தான் ஒரு பிரெஞ்சுக் கிழவர் தரமாட்டேன் என்றார். மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் மூன்று தூண்டில். பாலத்தடி நிழலில் நான் போய் நின்றால் போதும், "மடாம், முப்பது வருடமாக இது என் இடம்" என்பார். இரண்டு திங்கள் வாயை மூடிக்கொண்டு வெயிலுக்குள் தள்ளி நின்றேன். ஒரு மீனும் கொத்தவில்லை. வீட்டுக்கு வந்தால் என்மேலேயே எனக்கு எரிச்சல். விதிகளை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அது பொதுக் கரை. அட்டை உள்ள எவரும் நிற்கலாம்.

மூன்றாவது திங்கள் பைலையும் தூக்கினேன். மீன்பிடி அட்டை, அதற்கு இரண்டு பிரதி, வதிவிட அட்டை, கரண்ட் பில். ஒரு தாள் குறைந்ததற்காக, விசா கொடுக்கும் பிரெபெக்சரிலிருந்து எத்தனை தரம் திரும்பி வந்திருப்போம்! எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் பிரதியோடுதான் போவார்கள்.

"மீனும் உம்மட்டைப் பப்பியே கேக்குமோ?" என்றார் மனுசன். பப்பியே என்றால் பிரெஞ்சில் தாள்கள்.

கிழவருக்குப் பக்கத்திலேயே நின்று தூண்டிலைப் போட்டேன். அவர் கத்தினார். நானும் என் அரைகுறைப் பிரெஞ்சில் கத்தினேன். சத்தம் கேட்டு மீன்பிடிக் காவலர் சைக்கிளை நிறுத்தினார்.

"இந்தப் பெண்ணிடம் அட்டை இருக்கிறதா, கேளுங்கள்" என்றார் கிழவர்.

பைலை விரித்தேன். காவலர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கரண்ட் பில்லுக்கு வந்ததும் சிரித்துவிட்டார். "போதும் மடாம், போதும்!" பிறகு கிழவரிடம் கையை நீட்டினார். சட்டைப் பை, தூண்டில் பெட்டி எல்லாம் துழாவி அவர் எடுத்துக் கொடுத்தது முந்தின வருடத்து அட்டை.

அடடா, என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது!

"ஒரு சுற்றுப் போய் வருகிறேன். அதற்குள் புது அட்டை இல்லையென்றால் அபராதம்" என்று சொல்லிவிட்டுக் காவலர் போய்விட்டார். அட்டையை இணையத்தில் எடுக்க வேண்டும்; கிழவரிடம் இருந்தது பட்டன் போன். அதை வைத்துக்கொண்டு முழித்தார். கிடந்து முழிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் யாராவது படிவத்தோடு முழித்தால் என் கை சும்மா இருக்காது. எங்கள் கட்டிடத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நான்தானே நிரப்பிக் கொடுப்பது.

"கொண்டாங்கோ" என்று தமிழிலேயே சொல்லிக் கையை நீட்டினேன். பழைய அட்டையையும் வங்கி அட்டையையும் தந்தார். பத்து நிமிடத்தில் அவருடைய புது அட்டை என் போனில் வந்து நின்றது.

அட்டை என் போனில் இருந்ததால், காவலர் திரும்பி வரும்வரை அவரால் என்னைவிட்டு அசைய முடியவில்லை. நான் பாலத்தடி நிழலின் நடுவில் போய் நின்று தூண்டிலை வீசினேன். அவர் தானாகவே கதிரையைத் தூக்கி இரண்டு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.