சாரதாவின் ஸ்க்ரீனைப் பறித்தது யார்?

போன செவ்வாய்க்கிழமை ஒரே ஆபீஸின் மாடிப்படியை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. முழங்கால் எண்ணியிருக்கும்.

பவானிபூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். பழைய வீடு. கீழே ஆறு டெர்மினல், மாடியில் ஒன்று. டெர்மினல் என்றால் டிபன் டப்பா அளவு பெட்டி. உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. கம்ப்யூட்டர் எங்கோ ஒரு சர்வரில் ஓடும். இது அதைக் காட்டும்... அவ்வளவுதான். இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாவது வரை படித்தேன். மீதியை ஸ்க்ரூடிரைவர் சொல்லிக்கொடுத்தது.

கீழே ஜன்னலோரப் பெட்டி சாரதாவுடையது. தமிழ்ப் பெண். காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட பெங்காலி நன்றாக வரும். அவள் ஸ்க்ரீன் தினம் எட்டு, பத்து முறை போய்விடும். மறுபடி லாகின் செய்தால் வரும். பாதியில் விட்ட புக்கிங் என்ட்ரி மட்டும் இருக்காது. என்ட்ரி இல்லாத சரக்கு லாரியில் ஏறாது. சரக்கு அனுப்பும் பார்ட்டி வந்து கத்துவார்.

"முருகன்தா, வெள்ளிக்கிழமை என் கான்ட்ராக்ட் முடியுது" என்றாள். முருகன் அண்ணாவை இந்த ஊர் அப்படிச் சுருக்கிவிடும். "என்ட்ரியை விடுறா, மெஷினைக் கெடுக்குறான்னு போரோபாபு ஹெட் ஆபீசுக்கு லெட்டர் போட்டுட்டார். இன்னிக்கு சரியாகலேன்னா நான் வீட்டுக்குத்தான்."

போரோபாபு மாடியில் இருப்பவர். கிளை மேனேஜர். ஐம்பத்தெட்டு வயது.

இது என் மூன்றாவது விசிட். முதல் முறை கேபிளை மாற்றினேன். அடுத்த முறை பெட்டியையே மாற்றினேன். இரண்டு முறையும் காலை பத்து மணிக்குப் போனேன். நான் இருக்கும்வரை சமர்த்தாக இருந்தது. டாக்டரைப் பார்த்ததும் இருமல் நின்றுவிடுமே... அப்படி. இந்த முறை டாக்குரியாவில் ரயில் லேட். போய்ச் சேரும்போது பதினொன்றரை.

உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஸ்க்ரீன் போனது. போவதற்கு முன் நடுவில் ஏதோ ஒரு கட்டம் வந்தது. சாரதா சட்டென்று ஓகே அடித்துவிட்டாள்.

"என்னம்மா அது?"

"அது தினமும் வரும். ஓகே அடிச்சா போயிடும்."

"என்ன எழுதியிருக்கு?"

"யாரு படிச்சா?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே!"

நியாயம். நானும் போனில் எது வந்தாலும் படிக்காமல் ஓகே அடிக்கிறவன்தான். நீங்கள் எப்படி?

அடுத்து அந்தக் கட்டம் வந்தபோது என் போனில் வீடியோ எடுத்தேன். அந்த இடத்தில் நிறுத்தி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். இதே லாகினில் வேறு இடத்திலிருந்து ஒருவர் நுழைந்துவிட்டார், அதனால் உங்கள் இணைப்பு போய்விட்டது – இதுதான் விஷயம்.

க்ராஷ் இல்லை. யாரோ தள்ளிவிடுகிறார்கள்.

"உன் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

சாரதா பேனா மூடியைக் கடித்தாள்.

"போன பூஜா லீவுல திருச்சிக்குப் போனேன்ல... அப்போ போரோபாபு கேட்டார். எப்படி மாட்டேன்னு சொல்றது? ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க முருகன்தா. பாஸ்வேர்டு கொடுத்தது தெரிஞ்சா வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட வச்சிருக்க மாட்டாங்க."

எழுதினால் அவள் வேலை போகும். எழுதாவிட்டாலும் போகும். மாடி ஏறினேன்.

போரோபாபு எலுமிச்சை டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஆபீஸ் வருவதே பதினொரு மணிக்கு மேல்தான். அவர் பெங்காலியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். சூடு கொஞ்சம் குறைந்திருக்கும்.

"வா முருகன், என் பெட்டியையும் பாரு. இதுவும் தினம் பத்து தடவை போகுது. எல்லாம் கீழ இருக்கிற அந்தப் பொண்ணு பண்ற வேலை. லைனையே கெடுத்து வச்சிருக்கா."

"லாகின் பண்ணுங்க பாபு."

பண்ணினார். கீழேயிருந்து சாரதாவின் குரல் வந்தது. "ஜா! ஆபார் கேலோ!" மறுபடி போச்சு என்று அர்த்தம்.

அவர் ஸ்க்ரீனில் ஒரு என்ட்ரி பாதியில் திறந்து கிடந்தது. "இந்தக் குப்பை வேற. தானா திறந்துக்குது" என்று மூடினார்.

படிக்கட்டில் எட்டிப் பார்த்து, "நீ பண்ணும்மா" என்றேன். இவர் ஸ்க்ரீன் போனது.

"பாத்தியா?"

"பாத்தேன். இப்ப நீங்க."

பண்ணினார். கீழே சத்தம். நான் இறங்கினேன், ஏறினேன். கீழே அவள் நுழைந்தால் மேலே இவர் அவுட். இவர் நுழைந்தால் அவள் அவுட். மூன்றாவது முறை அவர் ஸ்க்ரீனில் மறுபடி ஒரு என்ட்ரி. சிலிகுரி, துணி பேல், பதினே... கீழே சாரதா அடித்த இடத்தோடு நின்றிருந்தது. மூடப்போன கை மவுஸிலேயே நின்றது.

டீ ஆறியது.

மெஷினுக்கு மேனேஜர் தெரியாது, கான்ட்ராக்ட் தெரியாது. கடைசியாக வந்தவருக்கு நாற்காலி கொடுக்கும். லெட்டர் போடுவது மனிதர்கள்தான்.

"உங்க சொந்த லாகின் என்னாச்சு பாபு?"

"பூட்டிக்கிச்சு. பூஜாவுக்கு முன்னாடியே."

"ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரு போன் போட்டா திறந்துடுவாங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மெதுவாகச் சொன்னார். போன் செய்தால் அடையாளத்துக்கு ஒரு கேள்வி கேட்பார்களாம். சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயர் என்ன? முதல் நாள் அவரே தேர்ந்தெடுத்த கேள்வி.

இங்கே எல்லோருக்கும் இரண்டு பெயர். சர்டிபிகேட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டுப் பெயர் ஆபீஸ் வாசல் தாண்டாது. தாண்டினால் மரியாதை அன்றோடு சரி.

"அந்தப் பக்கம் பேசுறது என் பொண்ணு வயசுப் பிள்ளை. அதுகிட்ட எப்படிச் சொல்வேன்?"

"வெள்ளிக்கிழமை சாரதாவோட கான்ட்ராக்ட் பேப்பர் வருது பாபு."

"லெட்டர் நேத்தே போயிடுச்சு."

"இன்னொண்ணு போகலாமே."

ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனை எடுத்தார்.

கேள்வி வந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

"சார், கேட்கலை. கொஞ்சம் சத்தமா..."

சொன்னார்.

"ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். காது சிவந்திருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஐம்பத்தெட்டு வயது ஆள் தாங்குகிற பெயர் இல்லை.

லாகின் திறந்தது. கீழே காது கொடுத்தேன். சத்தம் இல்லை. சாரதா டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

சொந்த லாகினில் போரோபாபு அடித்த முதல் லெட்டர் ஹெட் ஆபீசுக்கு. இரண்டு விரலால் அடித்தார். என்ட்ரி விடுபட்டது சிஸ்டம் கோளாறால். இப்போது சரியாகிவிட்டது. பெண் நன்றாக வேலை செய்கிறாள், நீட்டிக்கவும். தன் தவறு என்று ஒரு வரி இல்லை. இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. அனுப்புகிறவரை அங்கேயே நின்றேன்.

என் ரிப்போர்ட்டில், 'லாகின் சரி செய்யப்பட்டது' என்று எழுதினேன். அதுவும் உண்மைதானே?

கிளம்பும்போது சாரதாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். பாஸ்வேர்டை மாற்று.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேறு ஆபீஸ்களில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு போனையே பார்த்தேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"முருகன்தா, ஒரு வருஷம் போட்டுட்டாங்க!"

"நல்லது. பாஸ்வேர்டு மாத்தினியா?"

"மாத்திட்டேன். ரொம்ப நீளமா வச்சிட்டேன், மறந்துடும்னு பயமா இருக்கு. நீங்க ஒரு இடத்துல எழுதி வச்சுக்கோங்க, சொல்றேன்..."

போனை வைத்துவிட்டேன்.